சலூன்காரரின் இரண்டாவது ஓ

சலூன் என்றால் தலைமயிர் வெட்டுகிற இடம் என்று ஐம்பத்துமூன்று வயதுவரை நம்பியிருந்தேன். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள், அதனால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த நம்பிக்கைதான் ஒரு செவ்வாய்க்கிழமை என்னைச் சூரிச்சின் ஓர்லிகோனிலிருந்து கிளப்பி, மூன்று வாகனம் மாற்றி, கறுப்புக் கண்ணாடியும் மதுரைத் தமிழுமாக ஒரு மலை ஊருக்கு ஏற்றிக்கொண்டுபோய், கழுத்தில் மேசைவிரிப்பைக் கட்டி உட்காரவைத்தது.

அந்த மலையில் இருப்பவர்தான் சலூன்காரர். சுவிற்சர்லாந்துத் தமிழர்களில் அவரளவுக்குப் பொய் சொல்லக்கூடிய இன்னொருவர் கிடையாது. இதைப் பொறுப்போடுதான் எழுதுகிறேன். லீவு எடுப்பதற்காக மூன்று பெரியப்பாக்களைச் சாகடித்தவன் நான். அதில் ஒருவரை இரண்டு தடவை. ஆகவே பொய்யின் தரம் எனக்குத் தெரியும். அவருக்கு ஊரில் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. தொலைபேசியை எடுத்தாலே "ஓம், சலூன்காரர் கதைக்கிறன்" என்றுதான் தொடங்குவார்.

விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கியது. மகள் யாழினி முட்டைப்பொரியலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். பொடியன் தமிழ் என்றாள். ரயில் பகுதியில் எஞ்சினியர் என்றாள். இந்த மூன்று வசனத்துக்கும் என் நெஞ்சு தனித்தனியாக ஒரு கும்பிடு போட்டது. முகத்தைத் தாராளமாக வைத்துக்கொண்டு, தகப்பன் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"மலைப்பக்கம் ஒரு சலூன் வச்சிருக்கிறார், அப்பா. சுவிசுக்கு வந்த காலத்திலயிருந்து அதுக்குள்ளதான். சரியான பகிடியான மனுசன். நீங்கள் ஒருக்கா சந்திக்கோணும்."

புட்டு தொண்டையில் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன். அதுவும் புட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

இங்கே என்னைப்பற்றி ஒரு தகவல் சொல்லவேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில், சாதி ஒழிப்புப் பற்றி இரண்டு தடவை பேசிப் பொன்னாடை வாங்கியவன் நான். "சாதியை நாங்கள் வரும்வழியில் கடலில் எறிந்துவிட்டு வந்தோம்" என்ற வசனத்துக்கு மண்டபமே கைதட்டியது. நான் வந்தது விமானத்தில் என்பதை யாரும் கவனிக்கவில்லை. எறிந்திருக்க வழியே இல்லை, விமானத்தில் ஜன்னல் திறக்காது.

யாழினி போனபின், குசினியில் மனைவியிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனேன். சலூன் என்கிறாளே, அப்படியென்றால் அவர்கள் யார் ஆட்கள் என்று கேட்டேன். சாதி என்ற சொல்லை நான் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அதைச் சொல்வதேயில்லை. எவ்விடம் என்போம், எந்தப் பகுதி என்போம், யார் ஆட்கள் என்போம். அந்தச் சொல் மட்டும் வாயில் படாது.

மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இஞ்சருங்கோ, நீங்கள் முப்பது வருசமாக் கந்தோர் கக்கூசுகள் கழுவுறியள். ஊருக்கு அதைக் கட்டடப் பராமரிப்பு எண்டு எழுதிவிட்டது ஆர்? கழுவ வாறவன் யார் ஆள் எண்டு இந்த நாட்டிலை உங்களை ஒருத்தனாவது கேட்டவனோ?"

கேட்கவில்லைதான். ஆனால் பயம் வந்த மனிதனிடம் நியாயம் பேசுவது, ஓடுகிற பஸ்ஸிடம் நேர அட்டவணையைக் காட்டுவது மாதிரி.

அந்தக் கிழமை முழுவதும் என் மூளை எனக்கே தெரியாமல் ஊருக்குப் போய்வந்தது. கனடாவில் உள்ள மைத்துனர் என்ன சொல்வார், லண்டனில் உள்ள சித்தப்பா கலியாணக் கார்ட்டைப் பார்த்துவிட்டு எப்படி இருமுவார், எல்லாம் படமாக ஓடியது. யாழினியிடம் கேட்டுவைத்த அந்த ஊரின் பெயரைப் போனில் போட்டு, தலைமயிர் வெட்டும் கடைகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. இணையத்தில்கூட வெளியே சொல்லமுடியாத சலூனாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். தலைமயிர் வெட்டப் போகிறவனைப்போலப் போவது. கதிரையில் இருந்தபடியே கதையோடு கதையாக எவ்விடம், எந்தப் பகுதி என்று அறிந்துகொள்வது. என் படத்தைப் பொடியன் தகப்பனுக்குக் காட்டியிருக்கலாம் என்பதால், மதுரையிலிருந்து சுற்றுலா வந்த ஆளாகப் போவது. அதற்காகச் சூரிச் ஸ்ரேசனில் ஒரு கறுப்புக் கண்ணாடியும், வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புத் தொப்பியும் வாங்கினேன். சுற்றுலாப் பயணிகளைத் தவிர இந்த நாட்டில் யாரும் போடாத தொப்பி அது. மதுரைத் தமிழுக்கு, மனைவி பார்க்கும் தொலைக்காட்சித் தொடர்கள் போதும் என்று நினைத்தேன்.

மனைவி வாசல்வரை வந்தாள். "அங்கை போய் என்ன கேக்கப்போறியள்?"

"ஒண்டும் கேக்கமாட்டன். சும்மா பார்த்திட்டு வாறன்."

"பார்த்தா நெத்தியிலை எழுதியிருக்குமோ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு ரயில். பிறகு மஞ்சள் தபால் பஸ். வளைவுக்கு வளைவு பஸ் ஹோர்ன் அடிக்க, நான் மதுரைத் தமிழைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு பால்கட்டிக் கடை, ஒரு தீயணைப்பு நிலையம், நாலு தெரு. நான்காவது தெருவின் முடிவில் மரத்தால் ஆன ஒரு பழைய கட்டடம். அதன் நெற்றியில் பெரிய சிவப்பு எழுத்துகளில் சலூன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசலில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஆட்டக் கதவுகள். தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பின்னால் திரும்பிவந்த கதவு முதுகில் ஒன்று போட்டது. சிவப்புத் தொப்பி எனக்கு முன்னால் போய் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் மான்கொம்பு. மூலையில் குதிரைச் சேணம். கூரையில் வண்டிச்சில்லைக் கவிழ்த்து லைற் கட்டியிருந்தார்கள். ஒரு மேசையில் மூன்று சுவிஸ் கிழவர்கள் சீட்டு விளையாடினார்கள். பெரிய கண்ணாடி இல்லை. கத்தரிக்கோல் இல்லை. பவுடர் வாசனை இல்லை. கவுண்டருக்குப் பின்னால் அசல் யாழ்ப்பாண முகம் ஒன்று, அகன்ற விளிம்புத் தொப்பியும் சட்டையில் தகர நட்சத்திரமுமாக, பியர்க் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. இது கௌபாய் படங்களில் வருகிற சலூன். குடிக்கிற இடம். சாராயக்கடை. வெறும் சாராயக்கடை.

மகளின் மாமனாராக வரப்போகிறவர் சாராயம் விற்கிறார் என்று கண்டு கண்கலங்கிய முதல் யாழ்ப்பாணத் தகப்பன் நானாகத்தான் இருப்பேன். வாழ்நாளில் அப்படியொரு நிம்மதி எனக்கு வந்ததில்லை. இந்த நாட்டில் இருக்கப் பெர்மிற் கிடைத்த அன்றுகூட வரவில்லை. கவுண்டருக்கு முன்னால் இருந்த உயரக் கதிரையில் ஏறி உட்கார்ந்து, "ஏங்க, ஒரு பியர் குடுங்க" என்றேன். பியர் வந்தது. நுரை அடங்குவதற்குள், எதற்காக இவ்வளவு நிம்மதி என்று எனக்குள் ஒருவன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லாமல் பியரைக் குடித்தேன்.

அடுத்த ஒரு மணித்தியாலத்தில் அந்தச் சலூனின் சரித்திரத்தை மூன்று தடவை கேட்டேன். மூன்றும் வேறுவேறு சரித்திரம்.

கவுண்டர் பலகையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. முதலில் வந்த ஜெர்மன் தம்பதிக்கு, அது அமெரிக்காவிலிருந்து தப்பிவந்த குதிரைத் திருடன் ஒருவன் சுட்ட துளை என்றார் சலூன்காரர். அடுத்து வந்த ஒல்லாந்துக் குடும்பத்துக்கு, அது ஒரு பால்கட்டிச் சக்கரத்துக்காக இரண்டு சகோதரர்கள் சுட்டுக்கொண்ட துளை ஆனது. மூன்றாவதாக வந்த மலையேறிகளிடம் அதே துளையைக் காட்டி, சுட்டவள் ஒரு பெண், காரணம் காதல், துப்பாக்கி இன்னும் கீழறையில் இருக்கிறது என்றார். யாராவது கீழறைக்குப் போகலாமா என்று கேட்டால், அங்கே ஆவி இருக்கிறது என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைப்பார். மலையேறிகளில் ஒருவரும் தொப்பியைக் கழற்றினார்.

சீட்டு விளையாடிய கிழவர்களில் ஒருவர் முன்னாள் ஊர்த்தலைவர். அவர் மலையேறிகளுக்கு இன்னொரு கதை சொன்னார். சலூன்காரர் சுவிஸ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது, ஊர்ச்சபையில் ஐந்துபேர் இருந்து நேர்முகம் செய்தார்களாம். இந்த ஊரின் சரித்திரத்தைச் சொல்லும் என்று கேட்டார்களாம். சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குதிரைத் திருடனில் தொடங்கி நாற்பது நிமிடம் சொன்னாராம். ஐந்துபேருக்கும் அது புதுக்கதை. ஆனால் தன் ஊர்ச் சரித்திரம் தனக்குத் தெரியாது என்று மற்ற நாலுபேருக்கு முன்னால் காட்டிக்கொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது. அடுத்த கோடையில் ஊர்ச்சபை அடித்த சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தில் குதிரைத் திருடனுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

"அந்த ஐவரில் நானும் ஒருவன்," என்று முடித்தார் முன்னாள் தலைவர். மலையேறிகள் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

கதை முழுக்கச் சுவிஸ் ஜெர்மன் மொழியில் நடந்தது. மதுரைக்காரன் எந்தச் சந்தோசத்தில் சிரித்தான் என்ற கேள்வி எனக்கு ஒரு நிமிடம் பிந்தித்தான் வந்தது. சலூன்காரரைப் பார்த்தேன். அவர் மிகுந்த அக்கறையோடு ஒரு கிளாசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் போனபின் என் முன்னால் வந்து நின்றார். "இந்தியாவோ?"

"ஆமாங்க. மதுரைங்க."

"மதுரையிலை எந்தப் பக்கம்?"

"சென்னைக்குப் பக்கத்துலங்க."

அவர் முகத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை. நல்ல இடம், கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார்.

சாராயக்கடை என்று தெரிந்தபின் நான் அதோடு எழும்பியிருக்கவேண்டும். ஆனால் வந்த வேலை என்று ஒன்று இருக்கிறதே. புலன்விசாரணையைத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் எந்த ஊருங்க என்றேன். மானிப்பாய் என்றார். மானிப்பாயில் எவ்விடம் என்றேன். கோயிலுக்குப் பக்கத்தில் என்றார். எந்தக் கோயில் என்றேன். எல்லாக் கோயிலுக்கும் பக்கத்தில் என்றார். சந்தைக்கு மேற்காலயா கிழக்காலயா என்றேன். மதுரையிலிருந்து முதல்தடவை வெளிநாடு வந்தவன் மானிப்பாய்ச் சந்தையின் திசைகளை எங்கே படித்தான் என்று அவர் கேட்கவில்லை. கிளாசை வைத்தார். துணியைத் தோளில் போட்டார்.

"இந்தச் சலூனின்ரை உண்மையான சரித்திரத்தைச் சொல்லட்டே?" என்றார். வெளியே வரச்சொல்லி, பெயர்ப்பலகையைக் காட்டினார். "வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். ஆறு சிவப்பு எழுத்துகள். நடுவில் இரண்டு ஓ. முதலாவது ஓ மற்ற எழுத்துகளைப்போலக் கொழுத்திருந்தது. இரண்டாவது ஓ மட்டும் மெலிந்து, ஒடுங்கி, ஆட்கள் நெருக்கியடித்த ரயிலில் கடைசியாக ஏறியவனைப்போலப் பக்கவாட்டில் நின்றது. சிவப்பும் வேறு சிவப்பு.

அந்தக் கட்டடம் முதலில் இரண்டு ஓ வைத்த சலூன் இல்லை என்றார். ஒரு ஓ. இந்த நாட்டில் ஒரு ஓ வைத்து எழுதினால் தலைமயிர் வெட்டும் கடை. ஊரில் இருந்த ஒரு சுவிஸ் நாவிதரின் கடை அது. அவர் செத்தபின் வாங்கியவர் கௌபாய் படப் பைத்தியம். அமெரிக்காவைக் கண்ணால் காணாதவர். புதுப் பலகை செய்ய மனமில்லாமல், இருந்த பலகையில் ஒரேயொரு ஓவைச் செருகிவிட்டார். அகதியாக வந்த சலூன்காரர் அவரிடம்தான் கோப்பை கழுவச் சேர்ந்தார். பிறகு முதலாளி தளர்ந்தபோது கடையை நடத்தினார். அவர் கண்மூடியபின், கடை இவருடையது ஆனது. தொப்பியும் நட்சத்திரமும் அவருடையவை. பொய் மட்டும் சொந்த முயற்சி.

"கதிரையும் இருக்கு. வாங்கோ," என்று பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

இருந்தது. இரும்புக்காலும் சிவப்புத் தோலுமாக, நிலத்தில் ஆணியடித்த பழைய நாவிதர் கதிரை. எதிரே பாசி பிடித்த நிலைக்கண்ணாடி. சலூன்காரர் கதிரையின் கைப்பிடியைத் தட்டினார். "என்ரை அப்பாவும் ஊரிலை சலூன்தான் வச்சிருந்தவர். ஒரு ஓ. இருங்கோ, உங்களுக்குத் தலைமயிர் வளர்ந்துபோய்க் கிடக்கு, வெட்டிவிடுறன்."

ஒரு மணித்தியாலத்துக்கு முன் வாசலில் கழற்றிவைத்த பயம், பின்கதவால் உள்ளே வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தது. என் கண் கதவைத் தேடியது. கை தன்பாட்டில் பொக்கற்றில் இருந்த பஸ் நேரத் துண்டைத் தேடியது. அடுத்த பஸ் நாலரைக்கு. அப்போது மூன்றரை. வெளியே பனி தூறியது. ஒரு மதுரைக்காரன் மூன்றரைக்கு ஓடிப்போய் ஒரு மணித்தியாலம் தெருவில் நிற்பதற்குக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. உட்கார்ந்தேன்.

குதிரைப்படம் போட்ட மேசைவிரிப்பைக் கழுத்தில் கட்டினார். குசினியிலிருந்து ஒரு கத்தரிக்கோல் கொண்டுவந்தார். முதல் வெட்டு விழுந்ததும், கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மதுரையிலையும் ஹல்ப்டாக்ஸ் குடுக்கிறாங்களோ, தம்பி?"

பியருக்குக் காசு எடுக்கும்போது பேர்சைத் திறந்தபடி கவுண்டரில் வைத்திருந்தேன். இந்த நாட்டு ரயிலில் பாதி விலைக்குப் போகிற அந்தச் சிவப்பு அட்டையில், என் படமும் பெயரும் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"நேற்றே யாழினி போன் எடுத்தவ," என்றார், வெட்டிக்கொண்டே. "மாமா, அப்பா உங்களைப் பார்க்க வந்தாலும் வருவார், அம்மா சொன்னவ எண்டவ. குடிக்கடை எண்டு பயப்பிடுறார்போலை, வந்தா நல்லாக் கவனியுங்கோ எண்டு சொன்னவ." கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "குடிக்குப் பயந்தோ வந்தனீர், தம்பி?"

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் தேவை. மூன்று பெரியப்பாக்களைச் சாகடித்த வாய்க்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் கண்ணாடியில் இரண்டு முகம் தெரிந்தது. ஒன்று தகர நட்சத்திரம் குத்திய பொய்க்காரர் முகம். மற்றது குதிரைப்பட மேசைவிரிப்புக்குமேல் மட்டும் தெரிந்த என் முகம். இரண்டிலும் பொய்யனின் முகம் எது என்று எனக்கே பிடிபடவில்லை.

"இல்லை, அண்ணை," என்றேன். மதுரை எப்போது கழன்று விழுந்தது என்று தெரியாது.

அவர் கழுத்துப் பக்கத்துக்குப் போய் வெட்டினார். பிறகு, என் தலைக்குப் பின்னால் நின்றபடி, கதை சொல்லும் குரலை எல்லாம் கழற்றிவைத்துவிட்டுச் சொன்னார்.

"என்ரை மூத்த பெட்டைக்கு மூண்டு இடத்திலையிருந்து கலியாணம் பேசி வந்தவை. நீர் கேட்ட மாதிரித்தான் கேட்டவை, எவ்விடம், கிழக்கோ மேற்கோ எண்டு. மூண்டு பேருக்கும் இந்தக் கதிரையைக் காட்டினனான். பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு போட்டினம். இதிலை இருந்த முதல் ஆள் நீர்தான்."

இதைவிடப் பெரிய அடி எனக்கு விழுந்ததில்லை. ஏனென்றால் அவர் என்னைப் பாராட்டுகிறார். பொன்னாடை போர்த்துவதுபோல அந்த மேசைவிரிப்பைப் போர்த்திவிட்டிருக்கிறார். நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தது எதனால் என்று எனக்குத்தான் தெரியும்.

"அண்ணை," என்றேன். "அடுத்த பஸ் நாலரைக்குத்தான்."

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் அவர் முகம் மெல்லக் கோணியது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொப்பி விழுந்தது. முன்னால் சீட்டு விளையாடிய கிழவர்கள் எழும்பிவந்து எட்டிப்பார்த்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் என் இடது காதுக்குமேல் ஒரு பிடி மயிர் வேரோடு போனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டத் தொடங்கினார். "சரி. குடிக்குப் பயந்துதான் வந்தவர் எண்டு நான் யாழினிக்குச் சொல்லுறன்."

"ஏன், அண்ணை?"

"அந்தப் பிள்ளைக்குத் தன்ரை அப்பாவிலை சரியான பெருமை. அதை நான் ஏன் வெட்டுவான்? தலையை நேரா வையும்."

வெட்டி முடிந்து, கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் படிக்கட்டு. மறுபக்கம் மேய்ந்த புல்வெளி. பின்பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் காட்டினார். அதைப்பற்றி எழுதாமல் விடுகிறேன். இவ்வளவு கோணலாக வெட்டுவதற்கு, ஒருவருக்கு ஒன்றில் தொழில் அறவே தெரியாதிருக்கவேண்டும், அல்லது மிக நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். அப்பா உண்மையில் சலூன் வைத்திருந்தாரா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவரே சொன்னார்: "போன கிழமை வந்தவைக்கு அப்பா வெளிச்சவீட்டிலை வேலை செய்தவர் எண்டு சொன்னனான். உமக்கு எது விருப்பமோ அதை வச்சுக்கொள்ளும்." எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

வீட்டில் கதவைத் திறந்த மனைவி என் தலையைச் சுற்றிவந்து பார்த்தாள். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லா வேணும்," என்றாள். சம்பல் இடிக்கப் போய்விட்டாள்.

கலியாணம் நடந்தது. வரவேற்பில் சலூன்காரர் மைக்கைப் பிடித்தார். சம்பந்தி எப்படி முதல்முதலாகத் தன்னைத் தேடிவந்தார் என்று சொன்னார். அவர் சொன்னபடி, நான் பனிப்புயலில் குதிரையில் வந்தேன். ஆட்டக்கதவை உதைத்துத் திறந்தேன். "இந்தக் குடிக்கடையிலை என்ரை பிள்ளை வாழுமோ?" என்று கவுண்டரில் குத்தினேன். அந்தக் குத்தில் விழுந்த துளை இன்னும் இருக்கிறது. மண்டபம் வயிறு குலுங்கியது. யாழினி கண்ணில் நீர்வரச் சிரித்தாள். அந்தக் கதை நன்றாக இருந்ததால், குதிரையை மட்டும் எடுத்துவிட்டு, இதே வாரப்பத்திரிகையில் இதே பக்கத்தில் நானே எழுதினேன். குடிக்குப் பயந்த ஒரு தகப்பனின் அக்கறை என்று. பலர் பாராட்டி எழுதினீர்கள். தயவுசெய்து அந்தப் பாராட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்.

இப்போது ஏன் இதெல்லாம் என்றால், சென்ற மாதம் யாழினியின் சிநேகிதி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் விரும்பிய பொடியனின் வீட்டார், யார் ஆட்கள் என்று விசாரித்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். யாழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் அப்பிடி இல்லையடி. என்ரை அப்பாவைப் பார். ஒரு கேள்வி கேக்கேல்லை. குடிக்கடையோ எண்டு மட்டும்தான் பயந்தவர்."

நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் முகத்துக்குக் காரணம் இருந்தது.

அந்தக் கிழமை மலைக்குப் போனபோது, யாழினிக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று சலூன்காரரிடம் சொன்னேன். கிளாஸ் துடைக்கும் துணியைத் தோளில் போட்டார். "சொல்லும். ஆனால் குதிரையை விட்டிடாதையும்" என்றார்.

சொன்னேன். குதிரை இல்லாமல். கடைசியில் யாழினி ஒன்று கேட்டாள்.

"அண்டைக்கு அது மெய்யாவே தலைமயிர் வெட்டுற சலூனா இருந்து, பஸ்ஸும் உடனை வந்திருந்தா, என்ன செய்திருப்பியள் அப்பா?"

பதினைந்து வருடமாக இந்தப் பக்கத்தில் உலகத்தின் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியவன், வாயைத் திறந்தேன், மூடினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று கிழமையாகிறது. போன் எடுத்தால், அம்மாவிடம் கொடுங்கோ என்கிறாள். கேள்வி என்னிடம்தான் இருக்கிறது. காலையில் கக்கூஸ் கழுவும்போதும் அது கூடவே வருகிறது. என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் அவளிடம் சொல்லமுடியவில்லை.

யாழினி தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாள். அவளுக்காக இதில் இயன்றவரை சின்னச்சின்ன வசனங்களாக எழுதியிருக்கிறேன். மிச்சத்தை வாசிக்காவிட்டாலும் இந்தக் கடைசியை வாசிக்கட்டும். பஸ் உடனே வந்திருந்தால், பிள்ளை, நான் ஏறியிருப்பேன். பஸ் வரவில்லை. நான் அவரிடம் சாதி கேட்கப் போனேன். அவர் எனக்குத் தலைமயிர் வெட்டிவிட்டார். ஆறு கிழமைக்கு ஒருதடவை இப்போதும் வெட்டுகிறார், கோணலாக.